அமுக்குணிக்குப் பக்கத்து இடம்

தின்னாத மாடு கறக்காது. இதைத் தெரிந்துகொள்ள என்னைப் போல் வருஷக்கணக்கில் படித்துத் தலைமுடியைக் கொட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கன்று போட்ட புதிதில் எல்லா மாடும் கொஞ்ச நாள் இந்தக் கணக்கை ஏமாற்றும். வாய் தின்பதைவிட மடி அதிகம் கேட்கும். மாடு தன் கொழுப்பைக் கரைக்கும், சதையைக் கரைக்கும், கரைத்துப் பாலாக்கும். கரைந்த கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து குவியும். ஈரல் அதை மூட்டை கட்டி வெளியே அனுப்பியாக வேண்டும். மூட்டை கட்டக் கயிறு வேண்டுமே. அந்தக் கயிறு திரிக்க மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வேண்டும். புரதத்தின் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். அது போதாமல் போனால் மூட்டைகள் உள்ளேயே தேங்கிவிடும். ஈரல் வெளுத்து மஞ்சளாகும். ஒரு நாள் காலையில் மாடு எழுந்திருக்காது.

அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தப் பண்ணையில் எனக்குச் சம்பளம். ரத்தம் எடுப்பேன், தீவனத்தில் எதைக் கூட்ட வேண்டும் எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்வேன், சந்தேகம் வந்தால் ஈரலிலேயே ஊசி போடுவேன். வலது விலாவை மரத்துப்போகச் செய்து, எலும்புகளுக்கு நடுவே நீள ஊசியை இறக்கி, துளியூண்டு துண்டு எடுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுவேன். நல்ல ஈரல் மூழ்கும். கொழுப்பேறிய ஈரல் மிதக்கும். ஆய்வகத்து இயந்திரம் சாவகாசமாகச் சொல்வதைத் தம்ளர் அங்கேயே சொல்லிவிடும்.

ஈனும் கொட்டகை என் தங்கையின் பொறுப்பு. அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அவளைத் தவிர எனக்கு யாரும் இல்லை; எனக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை, கல்யாணத்துக்கும் என்மேல் நாட்டமிருந்ததாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவளும் அவள் கணவரும் என்னோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவளுக்கு இரண்டு தடவை கரு கலைந்து, மூன்றாவது இப்போதுதான் தங்கியிருந்தது. கனமாக எதையும் தூக்காதே என்று நான் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்குவாள். பட்டப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரி. எதற்கெடுத்தாலும் பறக்கும் மேனேஜருக்கு 'அவசரம்' என்று வைத்தவள் அவள்தான். அந்த மாட்டுக்கு 'அமுக்குணி' என்று வைத்ததும் அவள்தான்.

வேறு பண்ணையிலிருந்து வாங்கி வந்த மாடு. சாம்பல் நிறம், பெரிய கண். அது கத்தி யாரும் கேட்டதில்லை. கன்று போட்டதையும் யாரும் பார்க்கவில்லை. தங்கை காலையில் போய்ப் பார்த்தபோது கன்று நக்கித் துடைத்த மேனிக்குக் காய்ந்து நின்றிருந்தது. தாய் ஒன்றும் நடக்காததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தது.

"சத்தமே இல்லாம வேலைய முடிச்சிட்டா பாருக்கா. சரியான அமுக்குணி."

அன்று முதல் அமுக்குணி தின்னவில்லை. வைத்த தீவனம் வைத்தபடி இருந்தது. தண்ணீர் மட்டும் குடித்தது. பாலோ, கறவைக்காரர் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைத்தார். கொட்டகையிலேயே அதுதான் அதிகம்.

இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. உடம்பைக் கரைக்கிறது, இன்னும் சில நாளில் படுத்துவிடும் என்று நினைத்தேன். இடுப்பெலும்பிலும் வாலடியிலும் கையை வைத்து அழுத்தினேன். எங்கள் தொழிலில் மாட்டின் சதையைக் கையால்தான் அளப்போம். கண் ஏமாறும், கை ஏமாறாது. எலும்பு தட்டுப்படவில்லை. மெத்தென்று இருந்தது. மூச்சை முகர்ந்து பார்த்தேன். கொழுப்புக் கரையும் மாட்டின் மூச்சில் அழுகப்போகும் பழத்தின் இனிப்பு வாடை இருக்கும். அமுக்குணியின் மூச்சில் வெறும் வைக்கோல் வாடை. அதுவும் அது தின்னாத வைக்கோல்.

ஊசி போட்டு ஈரல் துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். கல் மாதிரி மூழ்கியது.

பழவாடை வந்தது பக்கத்திலிருந்து.

அந்தக் கொட்டகையில் மாடுகளை வரிசையாகக் கட்டியிருப்போம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், இடம் மாறாது. அமுக்குணிக்கு வலப்பக்கம் நின்றதும் இடப்பக்கம் நின்றதும் நன்றாகத் தின்கிற மாடுகள். தின்றுகொண்டே இளைத்தன. கை வைத்தால் இடுப்பெலும்பு கத்தி விளிம்பாக நின்றது. இரண்டின் ஈரல் துண்டும் தம்ளரில் மிதந்து, விளிம்பில் ஒட்டிக்கொண்டு சுற்றின. ஓரிடம் தள்ளி நின்றவை பரவாயில்லை. அதற்கும் அப்பால் நின்றவை கொழுகொழுவென்று இருந்தன. நான் தீவனக் கலவை இயந்திரத்தைத் திட்டினேன், கலவை போடுகிறவரைத் திட்டினேன். வரிசை நடுவில் இந்த இரண்டு மாட்டுக்கு மட்டும் பார்த்துக் கலவை கெட்டுப்போகுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனாலேயே இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

என் தங்கை அப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அமுக்குணியின் விலாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள்.

"என்னமோ தெரியல, இவகூட இருந்தா மனசு அமைதியா இருக்கு" என்பாள்.

மனசு அமைதியாக இருந்தது சரி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மருத்துவமனையில் எடை பார்த்தபோது போன தடவையைவிடக் குறைந்திருந்தது. வயிற்றில் பிள்ளை வளர்கிறது, தாயின் எடை குறைகிறது. டாக்டரம்மா புருவத்தை உயர்த்தி, இப்படியே போனால் இதுவும் தங்காது என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். நன்றாகச் சாப்பிடுகிறாள் டாக்டர் என்றேன். அப்படியென்றால் சாப்பிடுவது எங்கே போகிறது என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மனதில் ஓடியதை வெளியே சொன்னால் என் படிப்பையே பிடுங்கிக்கொள்வார்கள்.

மறுநாள் ஒரு சோதனை வைத்தேன். மெத்தியோனினைச் சும்மா தீவனத்தில் கலந்தால் மாட்டின் முதல் வயிற்றிலேயே கிருமிகள் தின்று தீர்த்துவிடும். அதனால் மேலே பூச்சுப் பூசிய சின்ன உருண்டைகளாக வரும். அவற்றை அமுக்குணியின் இரண்டு பக்கத்து மாடுகளுக்கு மட்டும் என் கையால் ஊட்டினேன். ஒன்றுகூடக் கீழே சிந்தவிடவில்லை. அமுக்குணி வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சில நாள் இப்படி ஊட்டிவிட்டு மூன்று மாட்டின் ரத்தத்தையும் அனுப்பினேன்.

தின்ற இரண்டு மாட்டின் ரத்தத்திலும் மெத்தியோனின் ஏறவே இல்லை. தின்னாத அமுக்குணியின் ரத்தத்தில் ஏறியிருந்தது, ஏறிக் கிடந்தது.

ஆய்வகப் பையனைப் பிடித்துக் குழாயை மாற்றிப்போட்டாயா என்று காய்ச்சி எடுத்தேன். அவன் அழாத குறை. மறுபடி நானே ரத்தம் எடுத்து, நானே பெயர் ஒட்டி, பக்கத்தில் நின்று இயந்திரத்தில் வைத்தேன். அதே விடை வந்தது. வெளியே வெயில் கொளுத்தியது, ஆட்கள் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் கொட்டகைக்குப் போனேன். தங்கை அமுக்குணிமேல் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் காலியாக இருந்தது. அமுக்குணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதில் கெட்டது எதுவும் இல்லை, அதைத்தான் என்னால் இன்றைக்கும் யாருக்கும் விளக்க முடியவில்லை. கன்றை நக்கும் மாட்டின் பார்வைதான் அது.

"எந்திரி" என்று கத்தினேன். "எந்திரிடி மொதல்ல!"

நேரே அவசரத்திடம் போய், அந்த மாட்டுக்குத் தொற்று நோய் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"என்னங்க நீங்க, நிறைய கறக்கற மாட்டப் போயி..." என்று இழுத்தார்.

"பரவினா கொட்டகையே காலி. அப்புறம் என்னக் கேக்காதீங்க."

அடுத்த நிமிஷமே ஆளை அனுப்பிவிட்டார். அவருடைய அவசரம் அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்கு உதவியது. அமுக்குணியைப் பண்ணையின் கோடியில், வைக்கோல் கிடங்குக்கும் அப்பால் இருந்த தனிக் கொட்டகையில் கட்டினார்கள். தங்கை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வாசலிலேயே நின்று சத்தியம் வாங்கினேன்.

அதன்பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் நானும் தண்ணீர் காட்டிய ஆளும்தான். அமுக்குணி பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. தொற்று என்று சொல்லிவிட்டதால் பிரித்து வைத்த கன்றுக்கும் விடாமல், கறந்து சாக்கடையில் ஊற்றினோம். தள்ளிப்போட்ட இளைப்பெல்லாம் ஒரேயடியாக வந்து இறங்கியது. ஒரு நாள் விலா தெரிந்தது, மறுநாள் தோள் எலும்பு தெரிந்தது. கண் குழிந்து உள்ளே போனது. பழவாடை வைக்கோல் கிடங்கு வரைக்கும் வந்தது. குளுக்கோஸ் ஏற்றினேன், உருண்டைகளை வாயில் திணித்தேன், எனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தனையும் செய்தேன். எதுவும் ஒட்டவில்லை. தண்ணீர் காட்டும் ஆள், "அது யாரையோ தேடுதும்மா" என்றார். கழுத்தை நீட்டி, இடமும் வலமும் மாறி மாறிப் பார்த்தபடியே இருந்தது. பிறகு படுத்தது. கடைசிவரை கத்தவில்லை.

அறுத்துப் பார்த்தேன். ஈரல் இரண்டு மடங்கு வீங்கி வெண்ணெய் நிறத்தில் இருந்தது, விரல் வைத்தால் அமுங்கியது. துண்டைத் தம்ளரில் போட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் போட்டேன். மிதந்தது.

பக்கத்து மாடுகள் இரண்டும் தேறின. என் தங்கைக்கும் கன்னத்தில் சதை பிடித்தது. மருத்துவமனையில் எடை ஏறியிருந்தது. ஆனால் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே ஆரம்பித்தாள்.

"தொத்து நோய்னு சொன்னது பொய்தானே?"

"ஆமா."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக? பக்கத்துல இருக்கறத எல்லாம் அது உறிஞ்சுது. உன்னையும் சேத்து."

நான் சொன்னதைக் கேட்டு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்கா" என்றாள். "அவ திருடல. நான்தான் கொடுத்தேன். அவளுக்குக் கன்னுக்குட்டி இருக்கில்ல, அதுக்குக் கொடுக்கணுமேன்னு இருந்துச்சு. நீ மட்டும் தனியா கட்டாம இருந்திருந்தா..." பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி துணியை எடுத்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தன் பிள்ளைக்குச் சேர வேண்டியதை யார் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் இவள்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். கையில் வாங்கியபோது கனம் தாங்கவில்லை. தங்கையோ பிள்ளை பெற்றவள் மாதிரியே இல்லை, மினுமினுவென்று இருந்தாள். பால் பொங்கியது; மார்த்துணி எப்போதும் நனைந்திருக்கும். வந்தவர்களெல்லாம், "என்ன கொடுக்கறீங்க, இப்படித் தேறியிருக்காளே" என்று கேட்டார்கள். நான் பெருமையாகச் சிரித்தேன். அவள் தட்டில் வைத்தது வைத்தபடி இருப்பதைப் பார்க்க எனக்குச் சில வாரங்கள் ஆயிற்று.

முதலில் கண்ணில் பட்டது அவள் கணவர். பால் டாங்கர் ஓட்டுகிறவர், தாட்டியான ஆள். ஒரு நாள் சட்டையைப் பார்த்தால் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது.

"என்ன தம்பி, இப்படி எளச்சுப் போயிட்டீங்க?"

"தெரியலக்கா. நல்லா சாப்பிடறேன். டீ குடிக்கறப்பகூட பன்னு திங்கறேன். வண்டியில போனா சரியாயிடுது, வீட்டுக்கு வந்தா மறுபடி தள்ளாடுது."

நான் எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். சேலையை ஒதுக்கி என் இடுப்பெலும்பில் கையை வைத்து, மாட்டை அழுத்துவதுபோல் அழுத்தினேன். கை ஏமாறவில்லை.

அந்த மாதம் அவர் நெடுந்தூரம் போனார். என்னையும் வேறொரு பண்ணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேண்டுமென்றேதான் ஒப்புக்கொண்டேன் என்றும் சொல்லலாம், பயந்திருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பழவாடை முகத்தில் அறைந்தது. தங்கை கட்டிலில் கிடந்தாள். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, கண் குழிந்திருந்தது. பிள்ளை மார்பில் வாய் வைத்துச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் கழுத்தை நீட்டி, இடமும் வலமும் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பால் கொடுக்கும் தாய் சாப்பிடாமல் இருந்தால் இப்படி ஆவது உண்டு என்றார் டாக்டரம்மா; எனக்கே பாடம் எடுத்தார், நான் கேட்டுக்கொண்டேன். அந்தக் குளுக்கோஸ் பாட்டில் தீருவதற்குள் தங்கை முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. எல்லோரும் மருந்தைப் புகழ்ந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் முந்தின நாள்தான் பிள்ளை பெற்றிருந்த பெண், தனக்குக் கிறுகிறுவென்று வருவதாகச் சொல்லித் தண்ணீர் கேட்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

நான் நின்றுகொண்டே யோசித்தேன். அமுக்குணிக்குச் செய்ததை இவளுக்கும் செய்யலாம். தனியே விட்டுவிட்டால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள், இவளைத் தவிர. நினைப்பு முழுசாக வந்து முடிவதற்குள்ளேயே நர்ஸிடம் போய்க் காகிதம் கேட்டேன். கையெழுத்துப் போட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஊரான் வீட்டுப் பெண் கொடுக்க வேண்டிய கடன் இல்லை இது.

தங்கை கணவரை நானே வற்புறுத்தி நீண்ட பயணங்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிள்ளைக்கு அப்பா வேண்டும். வேலையை விட்டேன். அவசரம் நிஜமாகவே அழுதுவிட்டார்.

இப்போது மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வருகிறது. தங்கை சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். கன்னம் மின்னுகிறது. பிள்ளையின் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. பிள்ளையிடமிருந்து அவள் எடுப்பதில்லை, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். பிள்ளைக்காகத்தான் எடுக்கிறாள், எடுப்பது அவளுக்கே தெரியாமல். என் மடியில் வேகவைத்த முட்டைகள் ஒரு கிண்ணம் நிறைய. மெத்தியோனின் அதில்தான் அதிகம். உரித்து உரித்துத் தின்கிறேன். ருசியெல்லாம் பார்ப்பதில்லை. பிள்ளை பால்குடி மறக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும். பிடிக்குமா என்று கணக்குப் போட எனக்குத் தெரியும், ஆனால் போடவில்லை. நேற்று மாடிப்படியில் நாலு படி ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கும் ஒண்ணு தரவா?" என்று கேட்டேன்.

"வேணாம்கா." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது."

நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.